அசல் மாரப்பன்

"ஏனுங்க, அந்த மருவாதி மாரப்பன் நீங்கதானுங்களாமா?"

பெண் பார்க்க வந்த இடத்தில், பெண் இன்னும் ஹாலுக்கு வரவில்லை, பையனின் அப்பா மேட்டுப்பாளையம் திருமலைசாமி கேட்ட முதல் கேள்வி இதுதான். சந்தகைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா சீனிவாசலுவின் கை அந்தரத்தில் நின்றது. மாரப்பன் யார், அவனுக்கும் தனக்கும் என்ன உறவு என்று எதுவும் விளங்காமல் தரகர் அப்புசாமியைப் பார்த்தார். விருந்தாளிகளுக்குப் பின்னால் நின்ற அப்புசாமி கண்ணடிக்க முயன்றார். அவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. இரண்டையும் சேர்த்து மூடி, ஏதோ வலியால் துடிப்பவரைப் போலத் திறந்தார்.

"அட, அதெல்லாம் என்னங்க பெருசு," என்றார் சீனிவாசலு.

அவர் சொல்ல நினைத்தது 'இல்லை' என்பதைத்தான். ஆனால் காங்கேயம் பக்கத்தில் வீடு தேடி வந்த ஒறம்பரையின், அதாவது விருந்தாளியின், முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்கிற வழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக நாலைந்து வகை 'ஆமாங்க' வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை அவர் எடுத்து வீசினார். திருமலைசாமி அதை நிஜமான ஆமாங்க என்று எடுத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசமுங்க. படத்துல திருடன் ஒருத்தன்தான வாரான். நெசத்துல ரெண்டு பேரு இருந்திருக்கோணுமேங்க?"

"ரெண்டுதானுங்க."

"அதானுங்களே. ஒருத்தனா அம்புட்டுப் பெரிய மூட்டையத் தூக்க முடியாதுங்களே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமலைசாமியின் மனைவி, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த புண்ணாக்குக் கடைக் காலண்டரை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணை அழைத்து வந்தார்கள். பையன் வம்சி பார்த்தான். அக்ஷிதாவும் பார்த்தாள். பதினான்கு ஜாதகங்கள் தட்டிப்போய் பதினைந்தாவதாக வந்த இடம். முந்தைய பதினான்கிலும் "யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்ட பெண், இந்தத் தடவை யோசிக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா லட்சுமியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது, அந்த மாரப்பனைத் தவிர.

கார் கிளம்பியதும் சீனிவாசலு தரகரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனய்யா அப்புசாமி, யாரய்யா அவன் மாரப்பன்?"

"மொதலாளி, நெசமாவே தெரியாதுங்களா?"

நெசமாகவே தெரியாது. தமிழ்நாட்டில் மருவாதி மாரப்பனைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். மற்றது, சீனிவாசலு. அவர் முப்பது வருடமாக எண்ணெய் மில்லும் தேங்காய்க் களமும் தவிர வேறொன்றையும் பார்க்காத மனிதர். வீட்டு டிவியில் படம் ஓடினால் எழுத்துப் போடும்போதே தூங்கிவிடுவார்.

மாரப்பனைப் படைத்தவர் இயக்குநர் கொடுமுடி சென்னியப்பன். கொடுமுடியில் பிறந்து, இளவயதில் காங்கேயத்துத் தேங்காய்க் களத்தில் மூட்டை எடை எழுதி, பிறகு சில காலம் வெளியூரில் இருந்து, அப்புறம் சென்னைக்குப் பேருந்து ஏறியவர். பதினாறு வருடம் உதவி இயக்குநராக மற்றவர்களுக்கு டீ வாங்கினார். பதினேழாம் வருடம் 'நீங்க மொதல்ல ஏறுங்க' என்று ஒரு படம் எடுத்தார். தமிழ்நாடு சிரித்த சிரிப்பில் தியேட்டர்களில் நாற்காலிகள் உடைந்தன என்று அவருடைய மன்றத்தார் சொல்வார்கள். அதன்பின் பத்துப் படங்கள். 'சிரிப்பு வேந்தர்' என்ற பட்டம் எந்த ஊரில் யார் கொடுத்தது என்று தெரியாது, ஆனால் அது இல்லாமல் அவர் பேரை யாரும் அச்சடிப்பதில்லை. அவர் மட்டும் எங்கும் சிரித்ததில்லை. ஒரு பேட்டியில் காரணம் கேட்டதற்கு, "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திம்பானா?" என்றார். மூன்று நாள் அதைப் பற்றியே பேசினார்கள்.

"அவிங்க ஊட்டு ஹால்ல அந்த டைரக்டர் போட்டோ மாட்டியிருக்குதுங்க மொதலாளி, சாமி படத்துக்குப் பக்கத்துல," என்றார் அப்புசாமி. "பெரிய ரசிகருன்னு தெரிஞ்சுபோச்சு. பொண்ணோட அப்பா எப்படின்னு கேட்டாங்க. எண்ணெய் மில்லுன்னேன். படத்துல மாரப்பனும் மில்லுக்காரன் பாருங்க, 'அந்த மாரப்பனே இவருதானுங்க'ன்னு வாயில வந்துபோச்சு. ஒடனே எந்திரிச்சு நின்னுட்டாருங்க மனுசன். 'அப்படீங்களா, அவரப் பாத்தே ஆவோணுமே'ன்னு கெளம்பிட்டாரு."

"நாளைக்கே போன் பண்ணி நான் இல்லைன்னு சொல்லிப்போடறேன்."

"சொல்லுங்க. பொய் சொன்ன குடும்பம்னு ஆயிப்போகும். பதினாறாவது ஜாதகம் எடுத்துட்டு வாரேனுங்க."

சீனிவாசலு உள்ளே பார்த்தார். அக்ஷிதா சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் தட்டுக் கழுவி அவர் பார்த்ததில்லை. கூடவே பாடிக்கொண்டும் இருந்தாள்.

அவர் போன் பண்ணவில்லை. படத்தைப் பார்த்தார்.

மாரப்பனின் வியாதி மரியாதை. பேருந்து வாசலில் இன்னொருவருக்கு வழிவிட்டு, அவர் இவருக்கு வழிவிட்டு, இருவரும் மாறி மாறி "நீங்க மொதல்ல ஏறுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, பேருந்து போய்விடுகிறது. மில்லில் திருட வந்தவனை "சாப்புட்டீங்களா" என்று கேட்டு, காப்பி கொடுத்து, மூட்டையை அவன் தலைக்கு ஏற்றியும் விடுகிறார். எழவு வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புவதுதான் முறை. மாரப்பனுக்கோ சொல்லாமல் போக மனம் வராது. "போயிட்டு வாரேனுங்க" என்கிறார். ஒரே வாரத்தில் அதே வீட்டில் இன்னொரு எழவு விழுகிறது. சொன்ன சொல் தவறாமல் வந்து நிற்கிறார்.

அக்ஷிதாவும் லட்சுமியம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீனிவாசலு பரீட்சைக்குப் படிப்பவரைப் போல நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க," என்றார் லட்சுமியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு கூமுட்டை நீங்கதான்னு சொல்லித்தான் நம்ம பொண்ணக் குடுக்கோணுமா?"

"மாப்பிள்ளைகிட்ட இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது," என்று மகளிடம் சொன்னார் சீனிவாசலு. "மத்தத நான் பாத்துக்கறேன்."

மறுநாளே திருமலைசாமி போன் செய்தார்.

"ஏனுங்க, டைரக்டரு வர்ற ஞாயித்துக்கெழமை உங்கூருக்கு வாராப்லையாம். பாராட்டு விழாவாம். நாங்க குடும்பத்தோட வந்துபோடறமுங்க. டைரக்டரும் நீங்களும் ஒண்ணா நிக்கறதப் பாக்கோணும்."

"வாங்க, வாங்க," என்றார் சீனிவாசலு. வேறென்ன சொல்ல முடியும்?

விழா நடத்துவது கலை ரசிகர் மன்றம். அதன் தலைவர் சபரீஷ், மனை வியாபாரம் செய்பவர். விழா மேடையில் மாரப்பன் பேச்சே எடுக்காமல் பார்த்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று சீனிவாசலு அவரைத் தேடிப் போனார்.

"தம்பி, அந்த மாரப்பன் யாருன்னு யாராச்சும் கேட்டா, அது சும்மா கற்பனைன்னு சொல்லிப்போடுங்க."

"அது ஏனுங்க மாமா? உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கவலை?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"வேர்க்குது உங்களுக்கு." சபரீஷ் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். "மாமா, அந்தக் காலத்துல டைரக்டர் எடை எழுதுனது உங்க களத்துலீங்களா? நெசமாச் சொல்லுங்க. மாரப்பன் நீங்கதானுங்களா?"

"அட, அதெல்லாம் என்னங்க பெருசு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் இருபது அடி ஃப்ளெக்ஸ் நின்றது. இடப்பக்கம் கறுப்புக் கண்ணாடியில் சிரிப்பு வேந்தர். வலப்பக்கம், ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கிய சீனிவாசலு. நடுவில் 'சிற்பியும் கல்லும்' என்று எழுதியிருந்தது.

அன்று மதியமே மன்றத்தில் கலகம் வந்தது. ராக்கியப்பன், முத்துவேலப்பன் என்று இரண்டு மில்காரர்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்கள். மடையன் என்று யாராவது சொன்னால் நேற்று வரை கைகலப்புக்குப் போயிருக்கக்கூடியவர்கள்.

"ஊரறிஞ்ச கூமுட்டை நானிருக்கறப்ப அவரு போட்டோவ எப்படிங்க போட்டீங்க?" என்றார் ராக்கியப்பன். "எங்கூட்டுக்காரியக் கேளுங்க. முப்பது வருசமாச் சொல்லிட்டிருக்கறா."

"எங்கூட்டுல அம்பது வருசமாச் சொல்றாங்க," என்றார் முத்துவேலப்பன். "எங்கம்மா காலத்துலேருந்து."

அங்கே உட்கார்ந்திருந்த சீனிவாசலுவுக்குத் தெய்வமே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது. வேறு ஒருவர் பேரில் முடிவாகிவிட்டால், மன்றம் தவறு செய்துவிட்டது என்று திருமலைசாமியிடம் பழியைத் தள்ளிவிடலாம். எழுந்து கைகூப்பினார்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. நீங்க ரெண்டு பேருல யாரு வேணாலும் இருந்துக்குங்க. நான் ஒதுங்கிக்கறேன்."

ராக்கியப்பன் முத்துவேலப்பனைப் பார்த்தார். சபரீஷின் கண்கள் பனித்தன.

"விட்டுக்குடுத்தாரு பாத்தீங்களா," என்றார் சபரீஷ். "இத்தன பெரிய பேர, கேட்ட ஒடனே எந்திரிச்சுக் குடுத்துப்போட்டாரு. இதவிட என்னங்க சாட்சி வேணும்? இதுதான மாரப்பன்?"

"ஆமாங்க," என்றார் ராக்கியப்பன் தழுதழுத்து. "நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

இருவரும் சீனிவாசலுவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது: 'அசல் மாரப்பனை இயக்குநர் அடையாளம் காட்டிப் பொன்னாடை போர்த்துவார்.'

மிச்சமிருந்தது ஒரே வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எலுமிச்சம்பழத்தோடு சீனிவாசலு பயணியர் மாளிகைக்குப் போனார். இயக்குநரின் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லி, மகளைக் காப்பாற்றும்படி கேட்பதாகத் திட்டம்.

வாசலில் கறுப்புச் சட்டை போட்ட நான்கு பேர் நின்றார்கள். அவர்களைத் தாண்டி வராந்தாவில் எட்டுப் பேர். அறைக்குள் திரையெல்லாம் இழுத்துவிட்ட இருட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டபடி சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் சொல்லாதபோதும் ஓர் உதவியாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு படங்களும் சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து தன்னைப் பார்ப்பது போலிருந்தது சீனிவாசலுவுக்கு. அவற்றில் பத்து அவர் பார்க்காதவை.

"சிரிப்புங்கறது ஒரு தவமுங்க," என்றார் இயக்குநர்.

"ஆமாங்க."

"அழ வெக்கறது சுலபம்."

"ஆமாங்க." சீனிவாசலுவுக்கு அப்போதே அழுகை வந்துகொண்டிருந்தது. "நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்க. என்ற பேரு சீனிவாசலு. அந்த மாரப்பன் விசயமா உங்ககிட்ட ஒண்ணு..."

இயக்குநர் கையை உயர்த்தினார். வராந்தாவில் யாரோ இருமுவதைக்கூட நிறுத்தினார்கள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. எனக்கு எல்லாந் தெரியும்."

"எல்லாமுங்களா?"

"எல்லாமுங்க. பொண்ணு கல்யாணம் வரைக்கும். நீங்க தைரியமா மேடைக்கு வாங்க."

சீனிவாசலுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்பின் பார்த்திராத மனிதன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவன் மகள் கல்யாணம் வரை படித்துவிடுகிற ஞானத்தை அவர் கொடுமுடி மும்மூர்த்தி கோயிலில்கூட எதிர்பார்த்ததில்லை. எலுமிச்சம்பழத்தைக் கொடுக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். உதவியாளர் எடுத்த போட்டோ அவர் வீடு போய்ச் சேருவதற்குள் ஊர் முழுவதும் வந்துவிட்டிருந்தது.

"சொல்லிப்போட்டீங்களா?" என்றார் லட்சுமியம்மாள்.

"சொல்ல வேண்டியதே இல்ல. அவருக்கு எல்லாந் தெரியுது."

"தெரிஞ்சு என்ன பண்ணுவாராம்?"

சீனிவாசலு அதைக் கேட்காமல் வந்திருந்தார். தெரிந்தவர் மேடையில் ஊரறிய 'இவன் பொய்யன்' என்று சொல்லவும் கூடும் என்பது அப்போதுதான் தோன்றியது.

மாலையில் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் திருமலைசாமி, அவர் மனைவி, வம்சி. தனக்குப் பின்னால் வந்த நான்கு பேருக்கு இடத்தை விட்டுக்கொடுத்து, ஐந்தாவது ஆளைச் சபரீஷ் தடுத்ததால்தான் திருமலைசாமிக்கே நாற்காலி மிஞ்சியது. அக்ஷிதா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சபரீஷ் மைக்கைப் பிடித்தார். "வேந்தர் அவர்களே, உங்கள் மாரப்பன் யார்? நீங்களே உலகத்துக்குக் காட்டுங்கள்."

சீனிவாசலுவை இரண்டு பேர் தாங்கி மேடைக்கு ஏற்றினார்கள். சென்னியப்பன் பொன்னாடையைக் கையில் வாங்கினார். சீனிவாசலுவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அசையவில்லை. பத்து வினாடி போயிற்று. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் திருமலைசாமி இரண்டு கைகளையும் கூப்பி, இருக்கையிலிருந்து பாதி எழுந்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பெரிய ரசிகரின் முன்னால் மானம் போகப்போகிறதே என்று சீனிவாசலு கண்ணை மூடிக்கொண்டார்.

தோளில் பொன்னாடை விழுந்தது.

மண்டபம் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரும் அதுவரை பார்த்திராத அவர் கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கு இருபத்தோரு வயசு," என்றார் அவர். "மூணு நாளாச் சோறில்ல. வேல கேட்டுப் போய் நின்னேன். வேல இருக்குதுன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. 'மொதல்ல சாப்புடுங்க கண்ணு'ன்னாரு. எங்கப்பன்கூட என்னைய 'ங்க' போட்டுப் பேசுனதில்லீங்க. ரெண்டு வருசம் அவருகூட இருந்தேன். எல்லாரும் அவரப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மெட்ராஸ் போய்த்தான் தெரிஞ்சுது, நான் சிரிச்சது சந்தோசத்துலன்னு. பதினோரு படம் எடுத்துப்போட்டேன். நான் ஒண்ணையும் யோசிக்கலீங்க. அவரு பண்ணத எழுதுனேன், அவ்வளவுதான். உங்க கைதட்டெல்லாம் அவருக்குத்தான்."

பேசும்போது அவர் சீனிவாசலுவின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பெரியவர்கள் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கமாட்டார்கள், என்று சீனிவாசலு நினைத்துக்கொண்டார். ஒரு தேங்காய்ப் பருப்பு மூட்டையைக்கூட எடை போட்டுக் கொடுக்காத தனக்காக, ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக, இந்த மனிதர் இத்தனை பேர் முன்னால் கண்ணீர் வர நடிக்கிறாரே. பிரமிப்பில் அவருக்கும் கண்ணீர் வந்தது. ராக்கியப்பன் எழுந்து நின்று கைதட்டினார். முத்துவேலப்பன் விசிலடித்தார்.

கைதட்டல் சீனிவாசலுவின் தோளில் பொன்னாடையைவிடக் கனமாக விழுந்தது. திருமலைசாமி எல்லோரையும்விட உரக்கத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இனி ஆயுள் முழுக்கப் பொய்யனாகச் சம்பந்தம் பேச முடியாது என்று சீனிவாசலுவுக்குத் தோன்றிவிட்டது.

பந்தியில் அவரைத் தேடிப் பிடித்தார். திருமலைசாமி இன்னும் உட்காரவில்லை, இடம் தேடி நின்றவர்களுக்கெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் லட்சுமியம்மாளும் ஓரமாக நின்றார்கள்.

"சம்பந்தி," என்றார் சீனிவாசலு. பொன்னாடையை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். "நான் அவனில்லீங்க. அந்த டைரக்டர இன்னிக்குக் காலைலதான் மொதமொதல்லப் பாத்தேன். எங்கூட்டுல திருடனும் வந்ததில்ல. தரகரு சொன்னதும் மறுக்க வாய் வரலீங்க. பொண்ணு ஆசப்பட்டா, அதனால கோழையாட்டம் இருந்துபோட்டேன். சம்பந்தம் வேண்டாம்னாலும் சரீங்க. பொண்ணு மேல தப்பில்ல."

லட்சுமியம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார்.

திருமலைசாமி பதறிப்போனார். யாரோ அவரையே பொய்யர் என்று சொல்லிவிட்டது போல முகம் சிவந்து, இங்குமங்கும் பார்த்தார்.

"அட, உடுங்க, உடுங்க. என்னங்க இப்படி. அந்தப் பட்டு உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்குதுங்க. தை மாசம் நல்ல நாளு இருக்குது, வெச்சுப்போடலாம். நீங்க மொதல்லச் சாப்புடுங்க. நான் அந்தப் பக்கம் எலை போதுமான்னு பாத்துட்டு வாரேனுங்க."

அப்படியே நழுவி, வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே மறைந்துவிட்டார்.

கையில் பொன்னாடையோடு நின்ற சீனிவாசலுவின் பக்கம் திருமலைசாமியின் மனைவி திரும்பினார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தின் அலுப்பெல்லாம் சேர்ந்த குரலில் சொன்னார்:

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கண்ணா. 'அவங்க பொண்ணையே குடுக்கறாங்க, நாம ஒரு பேரக் குடுக்கறதுல என்ன கொறஞ்சுபோச்சு'ன்னு நேத்தே டைரக்டர் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டாருங்க, எங்கூட்டு மாரப்பன்."